ஆன்லைன் வகுப்பு நாட்களில் படிப்பு மையத்துக்கு அரசுப் பணம்: என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

மாடிப்படி:

வணக்கம். எங்கள் பகுதி உள்ளாட்சியில் ஒரு அவசரத் திட்டம் தயாரிக்கிறார்கள். தொற்று, வெள்ளம், காற்று மாசு என்று எதனாலாவது பள்ளிகளை வாரக்கணக்கில் மூடி வகுப்பை ஆன்லைனுக்கு மாற்ற வேண்டி வந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்பதுதான் விஷயம். பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஐந்து நிமிடம். நானும் பெயர் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

வரைவைப் படித்தேன். ஒதுக்கீட்டில் முக்கால்வாசி டேப்லெட்டுக்கும் டேட்டாவுக்கும் போகிறது, மீதி ஏதோ மென்பொருளுக்கு. அந்த டேப்லெட்டை வைத்துக்கொண்டு பிள்ளை எங்கே உட்காரும், பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

இதை நான் ஏன் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், 2020இல் பள்ளி மூடியிருந்தபோது நானும் இன்னும் மூன்று பேரும் எங்கள் வாசகசாலைக் கூடத்தைக் காலையில் திறந்து வைத்தோம். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள், நெட் இல்லாத பிள்ளைகள் வந்து உட்கார்ந்து வகுப்பைக் கவனிக்கட்டும் என்று. முதல் நாள் 4 பேர், மூன்றாம் வாரம் 19 பேர். ஒரு பையன் தினமும் பாஸ்வேர்டை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வருவான், வாசலில் சானிடைசர் ஊற்றியதும் அழிந்துவிடும். அப்புறம் முதல் பாடம் முழுக்க அதை மீட்கிற வேலைதான். இப்படித்தான் போகும் நாள். பாடம் சொல்லிக்கொடுத்தோம் என்று சொல்ல மாட்டேன், நாங்கள் யாரும் ஆசிரியர் இல்லை. சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டோம், "மிஸ் என்னமோ கேட்கிறாங்க, மியூட்டை எடு" என்று சொன்னோம், வகுப்பு முடிந்ததும் வீட்டுப்பாடம் எங்கே வந்திருக்கிறது என்று தேடிக் கொடுத்தோம்.

11 வாரம் ஓடியது. அப்புறம் நாங்கள் நான்கு பேரும் வேலைக்குத் திரும்ப வேண்டி வந்தது, மூடிவிட்டோம். கூடம் இருந்தது, வைஃபை இருந்தது, பிள்ளைகளும் வந்தார்கள், உட்கார ஒரு பெரியவர்தான் இல்லை.

கேள்வி இரண்டு. ஒன்று, போன கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "பள்ளிக்கும் ஆசிரியருக்கும் ஏற்கெனவே கொடுக்கிறோம், அதே பிள்ளைக்கு இன்னொரு தடவையா?" என்று கேட்டார். கைதட்டலும் வாங்கினார். இதற்கு நியாயமான பதில் என்ன? இரண்டு, பணம் கேட்பதாக இருந்தால் எதற்காக, எந்த மாதிரி கேட்க வேண்டும்? மற்ற இடங்களில் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை:

நண்பரே, அந்த "இன்னொரு தடவையா" கேள்விக்கு ஏன் பயப்படுகிறீர்கள்? பள்ளிக்குக் கொடுக்கிற பணத்தில் பாடம் மட்டுமா வாங்குகிறோம்? ஒரு அறை, ஒரு மேசை, கழிப்பறை, காலை முதல் மாலை வரை கண்காணிக்க ஆள், எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. வகுப்பு ஆன்லைனுக்குப் போனதும் பாடம் மட்டும் பள்ளியிடம் நிற்கிறது, மற்ற எல்லாம் சத்தமில்லாமல் பெற்றோர் தலையில் இறங்குகிறது. முடிந்த வீட்டில் சமாளித்துக்கொள்கிறார்கள். முடியாத வீட்டுக்குத்தான் உங்கள் கூடம். ஒரே செலவு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அந்த உறுப்பினரிடம் இதையே திருப்பிக் கேளுங்கள்: பள்ளிக் கட்டடம் பூட்டிக் கிடக்கிற நாட்களில் மிச்சமாகிற மின்சாரம், தண்ணீர், பேருந்துச் செலவெல்லாம் எங்கே போகிறது?

சரி, பணத்தைப் பற்றி. நான் சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் கணக்கு எழுதுகிறவன், அதனால் எனக்குத் தொகையைவிட நிபந்தனைதான் முதலில் கண்ணில் படும். அமெரிக்காவில் "21ஆம் நூற்றாண்டு சமுதாயக் கற்றல் மையங்கள்" என்று ஒரு கூட்டாட்சி நிதி இருக்கிறது, 1994 கல்விச் சட்டத்தில் வந்தது. 2020 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 125 கோடி டாலர். பெயரைப் பார்த்தால் இதுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறதா? ஆனால் அந்தப் பணத்தைப் பள்ளி நேரத்துக்கு வெளியேதான் செலவு செய்யலாம் என்று விதி: காலையில் பள்ளிக்கு முன், மாலையில், விடுமுறையில். கொரோனாவில் பிள்ளை காலை 10 மணிக்கு மையத்தில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பைக் கவனித்தால் அது பள்ளி நேரமா இல்லையா? சட்டப்படி பள்ளி நேரம். அப்படியென்றால் மையத்துக்குப் பணம் கிடையாது. பிள்ளைக்கு மையம் அதிகமாகத் தேவைப்படுகிற நேரத்தில்தான் பணம் பூட்டிக்கொள்கிறது! கடைசியில் 2020இல் கல்வித்துறை, மாநிலங்கள் கேட்டால் அந்த விதியைத் தளர்த்தித் தருகிறோம் என்று விலக்குக் கொடுத்தது. அதனால் உங்கள் ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடத்தை "எந்த நேரத்தில் செலவு செய்யலாம்" என்கிற ஒரே வாக்கியத்துக்கு ஒதுக்குங்கள். அந்த வாக்கியம் இப்போதே திட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளி மூடிய பிறகு விலக்குக் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தால் பிள்ளை அடுத்த வகுப்புக்கே போயிருக்கும்.

அடுத்தது, "முதலில் செலவு செய்யுங்கள், ரசீது கொடுங்கள், அப்புறம் தருகிறோம்" என்கிற ஏற்பாடு. இதைப் போல சின்ன அமைப்பைக் கொல்கிற விஷம் வேறில்லை. நான் கணக்குப் பார்த்த ஒரு மையத்துக்கு ஐந்து மாத பில் நிலுவையில் இருந்தது, ஒரு வவுச்சரில் தேதி மாறிப் போனதற்காக மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பினார்கள். அங்கே வேலை பார்த்த பெண் தன் சங்கிலியை அடகு வைத்து அந்த மாத வாடகையைக் கட்டினார், எனக்குத் தெரிந்தபோது கட்டி முடித்துவிட்டார். வங்கியில் ஏற்கெனவே பணம் வைத்திருக்கிற பெரிய அமைப்புதான் இந்த மாதிரி நிதியைத் தாங்கும். மூன்று மாதச் செலவு முன்பணம், மீதிக்கு ரசீது என்று கேளுங்கள்.

அப்புறம் தலைக்கு இவ்வளவு என்று வருகைப் பதிவை வைத்துக் கொடுப்பது. தொற்றுக் காலத்தில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பத்துப் பேர் வீட்டில் இருந்துவிடுவார்கள். அன்றைக்கு வருமானம் பாதி, சம்பளமும் வாடகையும் முழுசு. இத்தனை இருக்கை திறந்து வைத்திருக்கிறோம், அதற்கு இவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்லுங்கள்.

டேப்லெட் மீது உங்களுக்குக் கோபம் புரிகிறது. அது ஏன் அப்படி நடக்கிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் 2020 மார்ச்சில் வந்த கொரோனா நிவாரணச் சட்டம் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் 15,000 கோடி டாலர் கொடுத்தது, ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 30க்குள் செலவைக் காட்ட வேண்டும் என்றது. கடைசி சில நாட்களில்தான் இன்னொரு ஆண்டு நீட்டித்தார்கள். இப்படித் தேதி கழுத்தை நெரித்தால் எந்த அதிகாரி ஆள் எடுப்பார்? ஆள் எடுத்தால் அடுத்த வருடமும் சம்பளம் கேட்பார்கள். பொருள் வாங்கினால் பெட்டி வந்திறங்கியதும் கணக்கு முடிந்தது. ஒரு தடவைப் பணம் எப்போதும் பொருளாகத்தான் மாறும்.


கரும்பலகை:

நான் ஆசிரியை. உங்கள் நல்ல மனசை மதிக்கிறேன், ஆனால் எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

பள்ளி திறந்தால் ஆபத்து என்று மூடுகிறோம். அதே பிள்ளைகளை நூலகத்திலும் கூடத்திலும் உட்கார வைத்து, ஆசிரியரைவிடக் குறைந்த சம்பளத்தில் யாரையோ காவலுக்குப் போட்டால் அந்த ஆபத்து எங்கே போகிறது? சான் பிரான்சிஸ்கோவில் 2020 செப்டம்பரில் நகர நிர்வாகமே நூலகங்களிலும் பொழுதுபோக்கு மையங்களிலும் இந்த மாதிரிக் கற்றல் மையங்களைத் திறந்தது. அரசுக் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகள், வீடில்லாத பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் என்று அவர்களுக்கு முன்னுரிமை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அங்கே பள்ளிகள் அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதி மூடியே இருந்தன. கூடம் திறந்திருக்கிறதே என்கிற நிம்மதியில் பள்ளி திறக்கிற அவசரம் குறைந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம். இன்னொரு பக்கம், ஏழைப் பிள்ளைக்கு மையம், வசதியுள்ள பிள்ளைக்கு வீட்டில் தனி டியூஷன் மாஸ்டர் என்று பிரிந்துபோகும்.

அப்படியென்றால் வேண்டாமா என்றால், வேண்டும். வீட்டிலிருந்து படிப்பது எல்லோருக்கும் ஒன்றில்லை என்று கண்ணால் பார்த்தவள் நான். என் ஆன்லைன் வகுப்பில் மூன்று பிள்ளைகளின் பெயர் திரையில் "அம்மா" என்றே வரும். வருகை எடுக்கும்போது "அம்மா, கேமராவை ஆன் பண்ணு" என்று சொல்லிவிட்டு நானே சிரித்திருக்கிறேன். அதில் ஒரு "அம்மா" சரியாக 10.40க்கு மறைந்துவிடுவாள், அண்ணனுக்கு அந்த நேரத்தில் வேதியியல். ஒரே ஃபோன். இந்த நிலைமை வசதியான நாட்டிலும் ஒழிந்துவிடவில்லை. நெதர்லாந்தில் வீட்டுக்கு வீடு நல்ல இணையம் உண்டு, பள்ளி மூடியது 8 வாரம்தான். அதற்கே தேர்வு மதிப்பெண்ணில் ஏற்பட்ட சரிவு ஒரு கல்வியாண்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமம் என்று 2021இல் வந்த ஆய்வு சொன்னது. படிப்பு குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு அந்த இழப்பு 60 சதவீதம் வரை அதிகம். கருவியும் நெட்டும் இருந்தும்தான் இந்தக் கதி, உங்கள் டேப்லெட் வாதத்துக்கு இது உதவும்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மையம் பள்ளியோடு பேச வேண்டும். யார் எந்த மையத்தில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் வகுப்பாசிரியரிடம் இருக்க வேண்டும், என் நேர அட்டவணை உங்கள் சுவரில் இருக்க வேண்டும், ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நீங்கள் எனக்கு ஃபோன் போட வேண்டும். இங்கிலாந்தில் 2020 நவம்பரில் தேசிய டியூஷன் திட்டம் என்று தொடங்கினார்கள், 35 கோடி பவுண்டு. இரண்டாம் ஆண்டு அதை ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்து நடத்தப் பார்த்தார்கள். பள்ளிகளுக்கு அந்த வழியாக ஆள் கிடைப்பதே பாடாகி, 2022இல் ஒப்பந்தத்தை முடித்துப் பணத்தை நேராகப் பள்ளிகளுக்கே கொடுத்தார்கள். நடுவில் ஒரு ஆளை வைத்தால் பிள்ளையின் பெயர் தெரிந்தவர்கள் வெளியே போய்விடுகிறார்கள்.

அப்புறம் லாகினை எல்லாம் ஒரே நோட்டில் எழுதி வைத்தீர்களா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.


மாடிப்படி:

எழுதி வைத்தோம் டீச்சர். நீல அட்டை நோட்டு. வேறு வழி தெரியவில்லை, பாஸ்வேர்டை மாற்றித் தர பள்ளியில் யாரைக் கேட்பது என்றே எங்களுக்குத் தெரியாது.


கரும்பலகை:

அதைத்தான் சொல்கிறேன். நோட்டு தப்பு. ஆனால் அப்படி ஒரு ஃபோன் நம்பர் உங்களிடம் இல்லாமல் போனது எங்கள் தப்பு. திட்டத்தில் எழுதச் சொல்லுங்கள்: மையத்துக்குப் பள்ளியில் ஒரு தொடர்பு ஆள், வகுப்பு நேரத்தில் ஃபோனை எடுக்கிற ஆள்.


இரவுப்பணி:

பெரிய விவாதமெல்லாம் எனக்குத் தெரியாது, ஒரு அம்மாவாகச் சொல்கிறேன். எனக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் ஃபோன் என் தலையணைக்குக் கீழே இருக்கும், அலாரம் வேண்டுமே. என் மகளுக்கு எட்டரைக்கு வகுப்பு. என்னை எழுப்ப மனசில்லாமல் முதல் பீரியடை விட்டுவிடுவாள். இரண்டு மாதம் கழித்துப் பள்ளியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எட்டரைக்கு நடந்து போய் உட்கார ஒரு இடம், "வந்துட்டியா" என்று கேட்க ஒருவர், அது போதும். மையம் ஒன்பதரைக்குத் திறந்தால் எனக்குப் பிரயோஜனமே இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள்.


சந்தேகப்பேர்வழி:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், அதனால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். மையம் என்பது செலவு பிடித்த வழி. அதைவிட மலிவான வழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே.

போட்ஸ்வானாவில் 2020இல் பள்ளி மூடியிருந்தபோது ஒரு பரிசோதனை செய்தார்கள். சுமார் 4,500 குடும்பங்கள். சிலருக்கு வாரம் ஒரு எஸ்எம்எஸ்ஸில் கணக்கு. இன்னும் சிலருக்கு அதோடு ஆசிரியர் அல்லது பயிற்றுநர் ஃபோன் செய்து 20 நிமிடம் பேசுவார். சாதாரண ஃபோன், இணையம் வேண்டாம். ஃபோன் பேசிய குழுவில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். இத்தாலியில் பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வமாக நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் ஒருவருக்கு ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்கள், வாரம் சில மணி நேரம்தான், அதற்கும் பலன் இருந்தது. இரண்டுக்கும் கட்டடம் இல்லை, கழிப்பறை கழுவுகிற ஆள் இல்லை, காய்ச்சல் பரவுகிற கவலை இல்லை.

காய்ச்சல் என்றதும் நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்தில் 2020 ஆகஸ்டில் வித்யாகமா என்று தொடங்கி, ஆசிரியர்களே தெருவுக்குப் போய்க் கோயில் மண்டபம், மரத்தடி என்று சின்னக் குழுவாகப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். கேட்க அருமையாக இருக்கும். ஆசிரியருக்கும் பிள்ளைகளுக்கும் தொற்று வந்ததும் அக்டோபரில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாடிப்படி கூடத்தில் 19 பேர் என்கிறார். அந்தக் கூடத்துக்கு எத்தனை ஜன்னல்?


மாடிப்படி:

நான்கு ஜன்னல், அதில் ஒன்று திறக்காது. நியாயமான கேள்விதான்.


நூலகத்துப் பூனை:

சந்தேகப்பேர்வழி, போட்ஸ்வானா ஆய்வை நீங்கள் பாதி சொல்லிவிட்டீர்கள். வெறும் எஸ்எம்எஸ் மட்டும் போன பிள்ளைகளுக்குக் குறிப்பிடும்படி பலன் ஏதும் இல்லை. பேசுகிற குரல் சேர்ந்த பிறகுதான் வேலை செய்தது. இத்தாலியிலும் அதே கதை, ஒரு பிள்ளைக்கு ஒரு ஆள். ஆக உங்கள் உதாரணம் இரண்டும் ஆளுக்காகத்தான் சாட்சி சொல்கின்றன. மையத்தில் இருந்தாலும் ஃபோனில் இருந்தாலும் செலவு ஆளுக்குத்தான்.

இன்னொன்று, இரவுப்பணி அக்கா வீட்டில் அந்த 20 நிமிடம் பேச எந்த ஃபோன்?

கட்டடத்துக்குப் புதிதாக ஒன்றும் கட்ட வேண்டியதில்லை. கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் தேதி தொலைக்காட்சி வழியாகப் பாடம் ஆரம்பித்தபோது வீட்டில் டிவி இல்லாத பிள்ளைகளுக்கு நூலகம், அங்கன்வாடி, சமுதாயக்கூடம் என்று ஏற்கெனவே இருக்கிற இடங்களில்தான் பொதுவாகப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். பிள்ளைகள் நெருக்கியடித்து உட்காராமல் இருக்கக் கலிஃபோர்னியா வைத்த விதி நன்றாக இருந்தது: ஒரு குழுவுக்கு அதிகபட்சம் 14 பிள்ளைகள், 2 பெரியவர்கள், குழுக்கள் கலக்கக் கூடாது. மாடிப்படி கூடம் இந்த அளவுகோலுக்கு 5 பேர் அதிகம். அந்த 5 பேரைத் திருப்பி அனுப்புவதா, இரண்டாவது அறை கேட்பதா என்பதற்குத்தான் பொதுப்பணம்.

பலன் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டு உதாரணம் கையில் இருக்கிறது. இல்லம் தேடிக் கல்வி, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கியது. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம் போல, பிள்ளைகளின் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். கிராமப்புறப் பிள்ளைகள் சுமார் 19,000 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது, அந்த மீட்சியில் ஏறக்குறைய கால்வாசி இந்தத் திட்டத்தால் வந்தது என்று கண்டார்கள். ஆனால் நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இது பள்ளி மூடியிருந்த காலத்து மையம் இல்லை, பள்ளி திறக்கும்போது மாலையில் கூடுதலாக நடந்தது. மாடிப்படி இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசினால் அந்த உறுப்பினர் பிடித்துக்கொள்வார். "மூடியிருக்கும்போது உட்கார இடம், திறந்த பிறகு மாலையில் மீட்புப் பாடம், இரண்டையும் அதே ஆள் அதே இடத்தில் செய்யலாம்" என்று சொன்னால் அவருக்கும் செலவு நியாயமாகத் தெரியும். கணக்குப்பிள்ளை சொன்ன ஒரு தடவைப் பணச் சிக்கலும் தீரும், ஆளுக்கு அடுத்த வருடமும் வேலை இருக்கும்.


கணக்குப்பிள்ளை:

பூனையாரே, அருமை, ஆனால் அந்த 1,000 ரூபாயை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போய்விடாதீர்கள். மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஊக்கத்தொகை என்பது ஒன்று, எட்டரையிலிருந்து மூன்று மணி வரை 14 பிள்ளைகளுக்குப் பொறுப்பாக உட்காருவது வேறு. அது முழுநேர வேலை. அதற்குத் தன்னார்வலர் என்று பெயர் வைத்தால் மூன்றாம் மாதம் மாடிப்படிக்கு நடந்ததேதான் நடக்கும்.

மொத்தத்தில் ஒரு பங்கு என்று கேட்பதும் நல்லது, தொகையாகக் கேட்டால் வெட்டுவது சுலபம். அமெரிக்காவில் 2021 மார்ச் சட்டம் பள்ளிகளுக்கு ஏறக்குறைய 12,200 கோடி டாலர் கொடுத்தபோது, மாநிலங்கள் தங்கள் பங்கில் ஒரு சதவீதத்தைப் பள்ளி நேரத்துக்குப் பிந்திய நிகழ்ச்சிகளுக்கும் இன்னொரு சதவீதத்தைக் கோடைக்கால வகுப்புக்கும் ஒதுக்கியே ஆக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். சின்னப் பங்குதான். ஆனால் எழுதியிருந்ததால் அதை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை.


சந்தேகப்பேர்வழி:

சரி, எஸ்எம்எஸ் விஷயத்தில் பூனை சொல்வது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஜன்னல் விஷயத்தில் விட மாட்டேன். முதல் செலவாக அந்த நான்காவது ஜன்னலைத் திறக்க வையுங்கள்.


மாடிப்படி:

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி உட்கார்ந்து எழுதிப் படித்துப் பார்த்தேன், ஏழு நிமிடம் வந்தது. வெட்டி ஐந்தாக்கியதில் மிஞ்சியது இதுதான், பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி அக்கா சொன்னதில்தான் ஆரம்பிக்கிறேன் (பெயர் ஊர் எதுவும் இல்லாமல், அனுமதி கேட்டுக்கொண்டேன்). தலையணைக்குக் கீழே ஃபோன். அந்த வீட்டுக்கு ஒரு டேப்லெட் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும், தூங்குகிற அம்மா பக்கத்தில் வாய்விட்டுப் பதில் சொல்ல முடியாத பிரச்சினை தீராது. அங்கிருந்து நேராக, டேப்லெட் ஒதுக்கீட்டில் ஐந்தில் ஒரு பங்கை ஆளுக்கும் இடத்துக்கும் மாற்றுங்கள் என்கிறேன். கூடம் எங்களிடம் இருக்கிறது, நூலகத்திலும் ஒரு அறை பகலில் காலியாகக் கிடக்கிறது. 14 பேருக்கு 2 பெரியவர், சம்பளத்தோடு. பள்ளி திறந்ததும் அவர்களே மாலையில் தொடர வேண்டும். எட்டரைக்கு முன்பே திறக்க வேண்டும், முதல் வகுப்பு தொடங்குவதற்குள்.

பிறகு விதி. பள்ளி நேரத்திலும் செலவு செய்யலாம் என்று இப்போதே எழுத வேண்டும், மூன்று மாத முன்பணம், வருகைக்கு இல்லாமல் இருக்கைக்குப் பணம். கரும்பலகை டீச்சர் சொன்ன தொடர்பு ஆளையும் சேர்த்திருக்கிறேன். அவருடைய பயத்துக்கும் ஒரு வரி வைத்தேன்: மையம் இருப்பதைச் சாக்காக வைத்துப் பள்ளி மூடியிருக்கிற நாட்களை நீட்டக் கூடாது, ஏன் இன்னும் மூடியிருக்கிறது என்று இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்று. இதை அவர்கள் ஏற்பார்களா என்று சந்தேகம்தான், ஆனால் சொல்லிவைக்கிறேன்.

"இன்னொரு தடவையா" என்று மறுபடி கேட்டால் கணக்குப்பிள்ளையின் பதில். யூனிசெஃபும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2020 டிசம்பரில் சொன்ன கணக்கு ஒன்றையும் கையில் வைத்திருக்கிறேன், உலகத்தில் 3 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணையம் இல்லை என்று. தேவைப்பட்டால் மட்டும் எடுப்பேன். 130 கோடி என்றால் யாருக்கும் முகம் தெரிவதில்லை, தலையணை தெரிகிறது.

ஜன்னலுக்கு நாளைக்குத் தச்சர் வருகிறார், அதற்கு உள்ளாட்சியைக் கேட்கப் போவதில்லை.

ஒரே ஒரு சின்ன சந்தேகம் பாக்கி. பட்ஜெட்டில் ஹெட்செட் என்று ஒரு வரி போட்டிருக்கிறேன். 14 வாங்கினால் போதுமா? ப்ளூடூத்தா ஒயரா?


நூலகத்துப் பூனை:

ஒயர்தான், கண்ணை மூடிக்கொண்டு. ப்ளூடூத் வாங்கினால் எல்லாம் ஒரே பெயரில் திரையில் வந்து நிற்கும், ஒரு பிள்ளையின் வரலாறு வகுப்பு பக்கத்துப் பிள்ளையின் காதில் ஓடும். எங்கள் நூலகத்தில் அரை நாள் அப்படிப் போனது. டேப்லெட்டில் அந்த ஒயர் சொருகுகிற ஓட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இப்போது பலவற்றில் இருப்பதில்லை. 14க்கு 18 வாங்குங்கள், மைக் வாய்க்கு முன்னால் நீட்டிக்கொண்டு வருகிற வகை, இல்லாவிட்டால் கூடத்துச் சத்தம் முழுக்க டீச்சருக்குக் கேட்கும். நம்பர் போட ஸ்டிக்கர் வேண்டாம், ஒரே வாரத்தில் உரித்துவிடுவார்கள். நெயில் பாலிஷில் எழுதுங்கள்.


இரவுப்பணி:

பழைய பாலிஷ் என்னிடம் இரண்டு பாட்டில் இருக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.